கைமாற்றாக ஒரு ரூபாய்

அந்தச் சிவப்பு அட்டை எனக்கென்றே வந்தது என்று நான் நம்பினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நானே காட்டிக்கொடுத்துவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். நாற்பதைத் தாண்டிய வயது, இங்கிலீஷ் கம்பெனியில் கணக்குப் பிரிவில் உத்தியோகம், மூக்குக் கண்ணாடி, தலைப்பாகை எல்லாம் உள்ள மனுஷன். ஒரு ஜவுளிக் கடைக்காரர் தெரு முழுவதற்கும் அனுப்பிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நம்மையும் ஒருத்தர் கூப்பிட்டிருக்கிறாரே என்று கண் கலங்கினேன்.

கலங்கியதற்குக் காரணம் இருந்தது. அப்போது பவானிபூரில் மதராஸ்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு மெஸ்ஸில் குடியிருந்தேன். மனைவி போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே பெண்ணைத் திருச்சிராப்பள்ளியில் கட்டிக்கொடுத்தாயிற்று. எப்போதாவது ஒரு கார்டு போடுவாள். அதில் பாதி மாப்பிள்ளையின் ஜீரணத்தைப் பற்றி இருக்கும். மெஸ்ஸில் மற்றவர்கள் எல்லாம் இளவட்டம். என்னிடம் மரியாதையாகத்தான் இருப்பார்கள். நான் ஒரு வேடிக்கை சொன்னால் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். அதனால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். சிக்கனம் என்பதை நான் அப்படித்தான் பழகினேன்.

ஆபீஸிலிருந்து திரும்பும் டிராமில் சில சாயங்காலங்களில் ஒரு ஹெட்மாஸ்டர் ஏறுவார். எங்கள் பக்கத்து ஹைஸ்கூல் ஒன்றை நடத்தியவர். பெரிய மீசை, சின்னக் குரல். ஒருநாள் அவர் தம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றிப் புலம்பினார். பரீட்சையில் கூட்டு வட்டிக் கணக்கு கொடுத்தால் நூற்றுக்கு நூறு வாங்குகிறார்களாம். காலேஜுக்குப் போனதும், வட்டிக்கு விடுகிற காபூலிக்காரன் நீட்டிய காகிதத்தில் வட்டி என்ன என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்களாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? அதெல்லாம் கணக்கு வாத்தியார் சொல்லித் தருகிற சமாசாரம் இல்லை, காசைக் கையாளத் தெரிந்தவன் சொல்லித் தர வேண்டும், என்னிடம் விட்டால் சில சனிக்கிழமைகளில் பழக்கிவிடுவேன் என்று அளந்தேன். டிராமில் அளப்பதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை என்ற தைரியம்தான். அவர் கேட்டுவிட்டார். அடுத்த சனிக்கிழமையே வரச் சொன்னார்.

சனிக்கிழமை எங்களுக்கு ஆபீஸ் அரை நாள். சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகப் போய், என்ட்ரன்ஸ் வகுப்புப் பையன்கள் முன்னால் நின்றேன். என் வங்காளி பாஷை எப்படி இருக்கும் என்றால், டிராம் கண்டக்டர்கள் என்னிடம் இங்கிலீஷில் பேசுவார்கள். முதல் நாள் காபூலிக்காரனையே எடுத்துக்கொண்டேன். ரூபாய்க்கு மாதம் ஓர் அணா வட்டி. கேட்டால் சாதுவாக இருக்கிறது. வருஷத்துக்கு என்ன ஆகிறது, போடுங்கள் என்றேன். ஒரு ரூபாய்க்குப் பன்னிரண்டு அணா என்று வந்ததும் வகுப்பு மறுபடி ஒரு முறை போட்டுப் பார்த்தது. பிறகு ஒருவன் எழுந்து, அப்படியானால் நாம் எல்லோருமே காபூலுக்குப் போய்விடலாமே என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு தபால் ஆபீஸ் சேமிப்பு பாங்கி. நாலணா இருந்தாலே கணக்குத் திறக்கலாம் என்றதும் பாதிப் பேர் நம்பவில்லை. அதற்குப் பிறகு, எதை வாங்கும் முன்னும் "தேவையா, ஆசையா?" என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்கிற பாடம். காற்றாடிக்கு மாஞ்சா நூல் தேவையில்தான் சேரும் என்று ஒரு கட்சி வாதாடியது. திருவிழா நாட்களில் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பது இன்னொரு பாடம். கையில் இருந்தால் போய்விடும், இல்லாவிட்டால் எங்கே போகும் என்று கையை விரித்துக் காட்டினேன். இதெல்லாம் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் அவர்களில் சிலர் என்னோடு கூடவே கடைத்தெரு முனை வரைக்கும் வருவார்கள். "மாஸ்டர்மொஷாய், மாஸ்டர்மொஷாய்" என்று, அதாவது வாத்தியார் ஐயா என்று, இரண்டு பக்கமும் கேள்வி கேட்டுக்கொண்டு, என் குடையை ஆள் மாற்றி ஆள் பிடித்துக்கொண்டு வருவார்கள். அந்த நடைக்காகத்தான் நான் வகுப்பு எடுத்தேன். ஹெட்மாஸ்டரிடம் சொன்ன காரணம் வேறு. அந்த முனையில் அவர்கள் பிரிந்து போன பிறகு மெஸ் வரைக்கும் இருக்கிற கொஞ்ச தூரம் மட்டும் எனக்கு ரொம்ப நீளமாக இருக்கும். படியேறும்போதே அடுத்த சனிக்கிழமைக்கு என்ன சொல்லலாம் என்று யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை நானே கெடுத்தேன். ஆபீஸ் புத்தி. வரவு என்ன, செலவு என்ன, பாக்கி என்ன என்று கேட்டே பழகிய வாய். ஒரு சனிக்கிழமை, உங்கள் வீட்டில் ஒரு மாதத்துக்கு என்ன வருகிறது, எதற்கு எவ்வளவு போகிறது, யாருக்காவது கடன் உண்டா என்று அப்பாவைக் கேட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் வந்தவர்களில் ஒருவன் வீட்டில் வாடகையைவிட மீனுக்கு அதிகமாகப் போயிருந்தது. வகுப்பே ரசித்தது. நானும் ரசித்தேன். அதே வாரம் ஹெட்மாஸ்டர் வீட்டு வாசலில் தகப்பன்மார்கள் கூடியது எனக்குத் தெரியாது.

யார் இந்த மதராஸி, நம் வீட்டுச் சமையலறைக்குள் எட்டிப் பார்க்க இவனுக்கு என்ன வேலை, இன்கம்டாக்ஸ்காரர்கள் அனுப்பிய ஆளா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரையும்விடப் பலமாகக் கேட்டவர் கடைத்தெரு முனையில் ஜவுளிக் கடை வைத்திருந்தவர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளை விருந்துக்கு வந்து இலையில் உட்கார்ந்திருக்கிறார், அந்த நேரம் பார்த்து மகன், "பாபா, நமக்கு மொத்தம் எவ்வளவு கடன்?" என்று கேட்டுவிட்டான். அவன்தான் காபூலுக்குப் போகலாம் என்று சொன்னவன்.

ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு வருத்தத்தோடு சொன்னார். வங்காளி வருஷப் பிறப்பு கழியட்டும், அதற்குள் ஒரே ஒரு தகப்பனாராவது வந்து வகுப்பு நடக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம். யாரும் சொல்லாவிட்டால் அந்த மணியை வேறு பாடத்துக்குக் கொடுக்க வேண்டியதுதான். நான் பெரிய மனுஷத்தனமாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மெஸ்ஸுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்காக ஒரு வார்த்தை சொல்லக்கூடிய தகப்பனார் பவானிபூரில் எவர் என்று யோசித்துப் பார்த்தேன். டிராம் கண்டக்டர் ஒருவருக்குத்தான் என் முகமே தெரியும். அவருக்குப் பிள்ளை இருக்கிறதா என்று தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் அட்டை வந்தது. மேலே பிள்ளையார், கீழே சிவப்பு எழுத்து. வங்காளி எழுத்தை நான் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். தாங்கள் எழுந்தருளி எங்களைத் தன்யர்களாக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. அடியில் ஜவுளிக் கடையின் பெயர். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மனுஷன் கோபம் தணிந்து, வருஷப் பிறப்பன்று நாலு பேர் முன்னால் என்னைக் கூப்பிட்டுக் கௌரவித்து, சமாதானம் பண்ணிக்கொள்ளப் போகிறார். வேறு எதற்கு அவர் கடையில் எப்போதோ ஒரே ஒரு வேஷ்டி வாங்கியவனுக்கு அச்சடித்த பத்திரிகை?

இது ஹால்காத்தா என்கிற வழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. வருஷப் பிறப்பன்று வங்காளிக் கடைக்காரர்கள் புதுக்கணக்கு ஆரம்பிப்பார்கள். வாடிக்கைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு இனிப்பு கொடுப்பார்கள். வருகிறவர்கள் பழைய பாக்கி இருந்தால் அடைப்பார்கள், இல்லாவிட்டாலும் சுபமாக ஏதாவது முன்பணம் வைத்துப் பெயரை எழுதிக்கொள்வார்கள். நம் பக்கத்தில் புதுக்கணக்கு என்றால் கடைக்காரர் மஞ்சள் தடவி, சுவாமி படத்துக்கு முன்னால் தாமே எழுதிக்கொள்கிற விஷயம். அதற்கு விருந்தாளி ஏது? நானோ எந்தக் கடையிலும் கடன் சொல்லி வாங்காதவன். அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையால் இத்தனை வருஷம் கல்கத்தாவில் இருந்தும் ஒரு கடைக்காரரும் என்னைக் கூப்பிட்டதில்லை. பூஜா சமயத்தில் அந்தக் கடையில் ஒரு வேஷ்டி எடுத்து, மெஸ்ஸுக்கு அனுப்பச் சொல்லி விலாசம் கொடுத்திருந்தேன். அட்டை அந்த விலாசத்துக்கு வந்தது. அவ்வளவுதான்.

எங்கள் சித்திரைப் பிறப்பும் அவர்களுடைய வருஷப் பிறப்பும் அடுத்தடுத்து வரும். அவர்கள் வருஷப் பிறப்பன்று காலை ஜரிகை வேஷ்டி கட்டி, கோட்டு மாட்டி, தலைப்பாகை சுற்றிக்கொண்டேன். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது எலுமிச்சம்பழம் கொண்டுபோவது நம் வழக்கமாயிற்றே. நல்லதாக ஒன்று பொறுக்கி எடுத்தேன். பர்ஸை எடுத்து, என் பாடமே ஞாபகம் வந்து, பெட்டியில் திரும்ப வைத்துப் பூட்டினேன். கிட்டத்தில்தானே என்று நடந்தே போனேன். டிராம் காசுகூட இல்லை.

கடையில் துணி எல்லாவற்றையும் ஒதுக்கி, வெள்ளை விரிப்பு விரித்து, வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். கடைக்காரர் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார். கும்பிட்டு எலுமிச்சம்பழத்தை நீட்டினேன். அவர் என்னை யாரென்று தெரியாமலே சிரித்து, வாங்கி, பின்னால் இருந்தவரிடம் கொடுத்தார். பின்னால் இருந்தவர் சர்பத் கலக்குகிறவர். என் கண் முன்னாலேயே அது இரண்டாகப் பிளந்து குடத்துக்குள் போயிற்று. அந்த சர்பத்திலேயே எனக்கும் ஒரு தம்ளர் வந்தது. இரண்டு சந்தேஷும் ஒரு ரசகுல்லாவும் வந்தன. விரிப்பில் நடுவாக, சுவாமி படத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு எப்போது மாலை போடுவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தால், எங்கள் மெஸ் சமையல்காரர் உள்ளே வருகிறார். கையில் அதே அட்டை. குமாஸ்தா முன்னால் எட்டணாவை வைத்தார், பெயர் சொன்னார், இனிப்புப் பொட்டலத்தை வாங்கினார். என்னைப் பார்த்ததும், "சாரும் கட்ட வந்தீரா? துண்டு பாக்கியா?" என்று உரிமையோடு கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவரிடம் ஒரு ரூபாய் கேட்டு வாங்கியிருக்கலாம். ஆனால் சமையல்காரரிடம் கடன் வாங்கினால் அது மறுநாள் சாம்பாரில் தெரியும். தவிர, எனக்கு விஷயம் முழுசாகப் புரிவதற்குள் அவர் தெருவில் இறங்கிவிட்டார்.

குமாஸ்தா என்னைப் பார்த்துச் சிரித்து, பேனாவை மையில் தொட்டு எடுத்துக்கொண்டு, பாபு பெயரில் எவ்வளவு என்றார். ரசகுல்லா வாயில் இருந்தது. அதை அவசரமாக விழுங்கிவிட்டு நான் சொன்ன முதல் வாக்கியம்: "எனக்குக் கடன் ஒன்றும் இல்லை." கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன். விரிப்பில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அன்றைக்கு அந்த இடத்தில் அது எப்படிக் கேட்டிருக்கும்? கல்யாணத்துக்கு வந்து, எனக்கு ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று கத்தினது போல இருந்திருக்கும். குமாஸ்தா பொறுமையாக, கடன் என்று யார் சொன்னது, வருஷத்துக்குச் சுபமாக ஏதாவது வையுங்கள் என்றார். நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் விட்டேன். மற்றொரு பையிலும் விட்டேன். சட்டைப் பையிலும் தேடினேன். வேர்வை தலைப்பாகையை நனைத்துக்கொண்டு காது வழியாக இறங்கியது.

தூணுக்குப் பக்கத்தில் கடைக்காரர் மகன் நின்றிருந்தான். என்னைக் கொஞ்ச நேரமாகவே பார்த்துக்கொண்டிருக்கிறான். பக்கத்தில் வந்து குனிந்தான். அன்று காலையில் அவன் மாமா வருஷப் பிறப்புக்கு ஒரு ரூபாய் கொடுத்திருந்ததை அவனே சொன்னான். தபால் ஆபீஸில் போட வைத்திருக்கிறானாம். நான் குரலைத் தாழ்த்தி அதைக் கைமாற்றாகக் கேட்டேன்.

"தேவையா, ஆசையா, மாஸ்டர்மொஷாய்?" என்றான், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

"மானம்டா," என்றேன்.

"அது எதில் சேரும் என்று நீங்கள் சொல்லித் தரவில்லையே."

"அடுத்த வாரம் சொல்லித் தருகிறேன். கொடு."

கொடுத்தான். அவன் கையிலிருந்து என் கைக்கு, என் கையிலிருந்து குமாஸ்தா முன்னாலிருந்த தட்டுக்கு அந்த ரூபாய் போனதைக் கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகன் கூப்பிட்ட "மாஸ்டர்மொஷாய்" அவர் காதிலும் விழுந்தது. மெல்ல நடந்து வந்தார்.

"ஓ. அந்த மாஸ்டர் நீங்கள்தானா?" என்று கேட்டு, கையைக் கூப்பிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் மெஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தேன். இனிப்புப் பொட்டலத்தையும்தான். மெஸ்ஸில் ஒருவரும் இல்லை. எல்லோரும் ஹவுரா பக்கம் படகில் போகக் கிளம்பியிருந்தார்கள். தனியாக உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு யோசனை எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லி மாளாது. கடன் வாங்காதே என்று சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் மாணவனிடமே கடன் வாங்கினார், அதுவும் தகப்பனார் கடையில், தகப்பனார் கண்ணெதிரே. கடைக்காரர் நாளைக்கே ஹெட்மாஸ்டரிடம் போவார். ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடக் கமிட்டிக்குச் சொல்வார். கமிட்டியில் யாருக்காவது ஒரு மச்சினன் எங்கள் கம்பெனியில் இல்லாமலா இருப்பான்? மச்சினன் பெரிய துரையிடம் சொல்வான். துரை என்னைக் கூப்பிட்டு, சின்னப் பையன்களிடம் ரூபாய் பிடுங்குகிறவனிடமா கம்பெனிப் பெட்டிச் சாவி இருக்கிறது என்பார். பிறகு ஹவுரா ஸ்டேஷன், மதராஸ் மெயில், மூன்றாம் வகுப்பு. மாப்பிள்ளை வீட்டு வாசலில் நான் டிரங்குப் பெட்டியோடு நிற்கிறேன். மாப்பிள்ளைக்கு ஜீரணம் இன்னும் கெட்டுப்போகிறது. அந்தக் கட்டம் வரைக்கும் வந்ததும் எழுந்து டிரங்குப் பெட்டியின் பூட்டு நன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

மற்றவர் சொல்லிக் கேட்பதைவிட நம் வாயாலேயே சொல்லிவிடுவது மேல் என்று விடியும்போது தீர்மானித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் வீரம்கூடத் தெரிந்தது. ஆபீஸுக்குப் போகும் முன் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். அவர் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூச்சு விடாமல் சொன்னேன். அட்டை, எலுமிச்சம்பழம், ரசகுல்லா, ரூபாய். பதற்றத்தில், பையனிடம் கெஞ்சினேன் என்று நடக்காததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் எண்ணெய்க் கையை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து ஒன்று சொன்னார்.

"இதை யாருமே என்னிடம் சொல்லவில்லையே. நீங்கள் ஏன் சொன்னீர்கள்?"

யாராவது சொல்லிவிடுவார்களே என்றுதான் சொன்னேன் என்றேன். அவர் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார், மீசையெல்லாம் எண்ணெய். மாணவர்களிடம் வாத்தியார்கள் காசு வாங்கக் கூடாது என்பது பள்ளிக்கூடத்து விதி. தெரியாத வரைக்கும் சரி, என் வாயாலேயே கேட்ட பிறகு அவர் தெரியாதது மாதிரி இருக்க முடியாது. என்மேல் ஒரு குறையும் இல்லை என்று மறுபடி மறுபடி சொன்னார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். வகுப்பு என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ரூபாயைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனேன். பையன் இல்லை. கடைக்காரர் இருந்தார். எழுந்து, இடம் விட்டு, உட்காரச் சொன்னார். தேநீர் வரவழைத்தார். நான் ரூபாயை விரிப்பில் வைத்து, மகனிடம் கொடுத்துவிடச் சொன்னேன். வகுப்பில் எதற்காக வீட்டுக் கணக்கைக் கேட்டேன் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார்.

"என் கடனை மோப்பம் பிடிக்க வந்த ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், பாபு. நேற்றுப் பார்த்தேன். கடனே இல்லாத மனுஷன், என் கடையின் சுபத்துக்காக என் பையனிடம் கைமாற்று வாங்கி வைக்கிறார். இவர் யாரைக் கெடுக்கப் போகிறார்? பையன் படிக்கட்டும். நாளைக் காலையில் உங்கள் ஹெட்மாஸ்டரிடம் போய் நானே சொல்கிறேன்."

தேநீர் கையில் இருந்தது. குடித்தேனா, வைத்துவிட்டேனா என்று ஞாபகம் இல்லை. காலையில் நான் செய்துவிட்டு வந்ததை அவரிடம் எப்படியோ சொன்னேன்.  அவர், "ஐயோ பாபு, ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா?" என்றார்.

அங்கிருந்து ஹெட்மாஸ்டர் வீட்டுக்கு ஓடினேன். ஜரிகை வேஷ்டியாக இருந்திருந்தால் தடுக்கி விழுந்திருப்பேன். அவர் மத்தியானமே கமிட்டிச் செக்ரட்டரிக்கு எழுதியிருந்தார். செக்ரட்டரி சம்மதித்துப் பதிலும் வந்திருந்தது. சனிக்கிழமை மணி ட்ரில் மாஸ்டருக்குப் போயிருந்தது. ஜவுளிக் கடைக்காரர் மறுநாள் சொன்னபடியே போய்ப் பேசியும் பார்த்தார். எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டார்களாம். வகுப்பு அதன் பிறகு நடக்கவில்லை.